கோக்காத நூல்

என் சட்டையில் பித்தான் ஒன்று அறுந்துபோயிருந்தது. அம்மா ஜன்னலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கிட்டப்பார்வை. நுணுக்கமான வேலை என்றால் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பொருளை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய்விடுவாள். நூல் நுனியை நாக்கில் தொட்டு, விரலால் முறுக்கி, ஒரு கண்ணை மூடி, மூச்சைப் பிடித்து... தவறிவிட்டது. மறுபடி நாக்கு, மறுபடி முறுக்கு. என் கைக்கு எட்டியது ஒரு பழைய கடித உறையும் ஒரு பந்துமுனைப் பேனாவும்தான். உறையின் பின்பக்கத்தில் கிறுக்க ஆரம்பித்தேன். இரண்டு நிமிடம் இருந்தால் அதிகம். "ஆச்சு" என்று அவள் கையை இறக்கியபோது என் பேனாவும் நின்றது.

அந்த உறையை இன்றும் மேசைக்கு மேலே குத்தி வைத்திருக்கிறேன். தலை, சாய்ந்த ஒரு முட்டை. முதுகுக்கு மூன்று கோடுகள். மூன்றில் எது சரி என்று கேட்டால் எதுவும் சரியில்லை. இடது கட்டைவிரல் இரண்டு முறை வரையப்பட்டிருக்கிறது, ஒன்றின்மேல் ஒன்றாக. நெற்றியில் இரண்டு வளையங்கள், அவைதான் கண்ணாடி. ஊசி இல்லை. நூலும் இல்லை. இரண்டு கைகளுக்கும் நடுவே ஒரு நகத்தளவு இடைவெளி, அவ்வளவுதான். ஆனால் பார்க்கிறவர்கள் யாராக இருந்தாலும் ஒரே வார்த்தைதான்: "ஓ, ஊசி கோக்கிறாங்களா?"

இந்தக் கிறுக்கலை ஒரு முழு நீர்வண்ண ஓவியமாக்க எனக்கு நான்கு மாதம் ஆனது. நடுவில் ஒரு ஓவியம் செத்துப்போனது. அந்தக் கதையைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் செய்தது தம்ப்நெயில்கள். தீப்பெட்டி அளவுக்குச் சின்னச் சின்னக் கட்டம் போட்டு, அதற்குள் இருட்டு, நடுத்தரம், வெளிச்சம் என்று மூன்றே மூன்று டோனில் படத்தை அடக்கிப் பார்ப்பது. முகம் கிடையாது, விரல் கிடையாது. கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் உலகம் எப்படித் திட்டுத் திட்டாகத் தெரியுமோ அப்படி. முதல் நான்கைந்து கட்டங்களில் எப்போதும் குப்பைதான் வரும். குப்பை என்றால் மோசமாக இருக்கும் என்று அர்த்தமில்லை, யாருக்கும் வரக்கூடியதாக இருக்கும். இடது பக்கம் ஜன்னல், நடுவில் அம்மா, மடியில் சட்டை. அழகாகத்தான் இருந்தது, காலண்டர் மாதிரி. ஏழாவது கட்டத்தில்தான் பேனா கொஞ்சம் முரண்டு பிடித்தது. ஜன்னலை வெளியே தள்ளிவிட்டேன். அதன் வெளிச்சம் மட்டும் உள்ளே வரட்டும். உச்சந்தலையைச் சட்டத்தின் மேல்விளிம்பில் கொஞ்சம் வெட்டினேன். அப்படி வெட்டியதும் கைகள் தானாகப் படத்தின் நடுவுக்கு வந்து உட்கார்ந்துகொண்டன. அதற்குப் பிறகும் நான்கு போட்டுப் பார்த்தேன், சும்மா மனசு ஆறுவதற்காக.

ஓவியத்தில் பாதி இந்தத் தீப்பெட்டிக்குள்ளேயே முடிந்துவிடுகிறது என்று நினைக்கிறேன். வேகமாக ஓட்டிக் காட்டும் ஓவிய வீடியோக்களை நானும் ரசித்துப் பார்ப்பேன். கண்மணியில் வெள்ளைப் புள்ளி வைக்கும் அந்தக் கடைசி நொடிக்காகவே பார்ப்பேன். ஆனால் இந்தப் பதினோரு கட்டங்களை அவற்றில் யாரும் காட்டுவதில்லை. காட்டினாலும் யார் பார்க்கப்போகிறார்கள், அதுவும் நியாயம்தான்.

அடுத்தது கைகள். உறையில் இருந்ததை வைத்துக்கொண்டு ஒரு விரலைக்கூட முழுசாக வரைய முடியாது. அதனால் அம்மாவை மறுபடி அதே நாற்காலியில் உட்கார வைத்தேன். "அப்படியே இரும்மா, அசையாதே" என்றேன். அசையாமல் இருந்தாள். ஒன்றுமே வரவில்லை. நூல் கோப்பதுபோல் காட்டுகிற கை வேறு, நூல் கோக்கிற கை வேறு. காட்டுகிற கையில் விரல்கள் அழகாக விரிந்திருக்கும், வேலை செய்கிற கையில் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டிருக்கும். போனில் படமெடுத்துப் பார்த்தேன். கிட்டே போய் எடுத்ததால் முன்னால் இருந்த கை பூசணிக்காய் மாதிரி வீங்கியும், பின்னால் இருந்த முகம் சுருங்கியும் வந்தது. லென்ஸ் கிட்டே வந்தால் அப்படித்தான் செய்யும். அதை அப்படியே பார்த்து வரைந்தால், எங்கேயோ தப்பு இருக்கிறது என்று பார்க்கிறவருக்குத் தெரிந்துவிடும், எங்கே என்றுதான் சொல்லத் தெரியாது.

கடைசியில் ஒரு அயோக்கியத்தனம் செய்தேன். இருப்பதிலேயே பொடி ஊசியையும் இருப்பதிலேயே தடித்த நூலையும் கொடுத்து, "இதைக் கோத்துக் குடும்மா" என்றேன். கால் மணி நேரம் போராடினாள். நான் ஸ்கெட்ச்புக்கில் பக்கம் பக்கமாகத் தள்ளினேன். பிறகு நிமிர்ந்து, "இந்த நூல் எந்த ஜென்மத்துலயும் இந்த ஊசிக்குள்ள போகாது. உனக்கு அது தெரியும்தானே?" என்றாள். தெரியும் என்றேன். ஊசியை என் கையில் கொடுத்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

ஆனால் அந்தக் கால் மணி நேரத்தில்தான் விஷயம் பிடிபட்டது. நான் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன், சங்கதி முழங்கையில் இருந்தது. கை நடுங்காமல் இருக்க இரண்டு முழங்கைகளையும் விலாவோடு ஒட்டி இறுக்கிக்கொள்கிறாள். தோள் அதனால்தான் மேலேறுகிறது, கழுத்து அதனால்தான் உள்ளே போகிறது. மொத்த உடம்பும் அந்த ஊசிக்காதுக்குள் நுழையப் பார்க்கிறது. உடனே கடித உறையை எடுத்துப் பார்த்தேன். முழங்கையிலிருந்து இடுப்பு வரை ஒரே கோடு. கைக்கு ஒன்று, உடம்புக்கு ஒன்று என்று இரண்டு கோடு போடாமல் இரண்டையும் சேர்த்து ஒரே இழுப்பாக இழுத்திருக்கிறேன். எனக்குத் தெரியாதது என் பேனாவுக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது. கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது.

இனி பெரிதாக்க வேண்டும். நான் எடுத்தது 300 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள தடித்த தாள், 56 செ.மீ.க்கு 38 செ.மீ. உறையிலிருந்த உடம்பையும் ஸ்கெட்ச்புக்கிலிருந்த கைகளையும் ஒரு சாதாரணத் தாளில் சேர்த்து வரைந்து, கட்டம் போட்டுப் பெரிதாக்கி, பின்பக்கம் பென்சில் தூளைத் தேய்த்து, நல்ல தாளின்மேல் வைத்து நகலெடுத்தேன். பழைய காலத்தில் சுவரோவியக்காரர்கள் செய்ததும் ஏறக்குறைய இதுவேதான். சுவர் அளவுக்கே தாளில் வரைந்து, கோடுகள் நெடுக ஊசியால் துளையிட்டு, கரித்தூள் மூட்டையால் தட்டுவார்கள். சுவரில் புள்ளி புள்ளியாகப் படம் இறங்கும். இத்தாலிய ஓவியர் ரஃபேல் 'ஏதென்ஸ் பள்ளி' என்ற சுவரோவியத்துக்காக வரைந்த அப்படிப்பட்ட முழு அளவுத் தாள் ஒன்று மிலான் நகரின் அம்ப்ரோசியானா கலைக்கூடத்தில் இருக்கிறது. 8 மீட்டர் அகலம். அவ்வளவு பெரிய தயாரிப்பு. அப்படியிருந்தும் சுவரில் முன்வரிசையில் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருக்கும் ஆள் அந்தத் தாளில் இல்லை. அவரை ரஃபேல் பிறகுதான் சேர்த்திருக்கிறார். எத்தனை திட்டம் போட்டாலும் சுவர் முன்னால் போய் நின்றதும் ஏதோ ஒன்று குறைவது தெரிந்திருக்கிறது.

எனக்கு அப்போது எதுவும் தெரியவில்லை. நகலெடுத்த கோடு சுத்தமாக, சரியாக, செத்துக் கிடந்தது. காரணம் ரொம்ப எளிது. உறையில் முதுகுக் கோட்டைத் தோளிலிருந்து கையை வீசி அரை நொடியில் இழுத்திருந்தேன். நகலில் அதே கோட்டை மணிக்கட்டை ஊன்றி, மூச்சைப் பிடித்து, இருபது நொடி ஊர்ந்து போட்டிருக்கிறேன். வடிவம் ஒன்றுதான், வேகம் வேறு. கோட்டின் வேகத்தைக் கண் எப்படியோ மோப்பம் பிடித்துவிடும். போதாததற்கு, மூன்று முதுகுக் கோடுகளில் 'சரியான' ஒன்றைத் தேர்ந்தெடுத்து மற்ற இரண்டையும் விட்டுவிட்டேன். கட்டைவிரல் ஒன்றுதான் இருக்க வேண்டும் என்பதால் ஒன்றை அழித்தேன். ரொம்பப் பொறுப்பாக வேலை பார்ப்பதாக வேறு நினைப்பு.

வண்ணம் வைப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். அல்ட்ராமரீன் நீலத்தோடு பர்ன்ட் சியன்னா கலந்தால் அருமையான ஒரு சாம்பல் வரும். நீலம் கூடினால் குளிரும், சியன்னா கூடினால் இதமாகும். படம் முழுக்க அந்தச் சாம்பலை வைத்தே ஓட்டினேன். நீர்வண்ணத்தில் வெள்ளை என்பது தாள்தான். முதலிலேயே விட்டுவைக்க வேண்டும், பிறகு கேட்டால் கிடைக்காது. எண்ணெய் வண்ணக்காரர்களுக்கு இந்தக் கஷ்டம் இல்லை, பிடிக்காவிட்டால் மேலே பூசிக்கொள்ளலாம். ஆனாலும் அது முழுக்க மறையாது. மாட்ரிட்டின் பிரதோ அருங்காட்சியகத்தில் வெலாஸ்கெஸ் வரைந்த, ஸ்பெயின் மன்னர் நான்காம் பிலிப் குதிரைமேல் இருக்கும் ஓவியத்தில், திருத்துவதற்கு முன்பு போட்டிருந்த குதிரைக் கால்கள் பல காலம் கழித்து வண்ணத்தின் ஊடாக எட்டிப் பார்க்கின்றன. எனக்கென்னவோ அந்த ஆவிக் கால்களைத்தான் பிடிக்கும்.

நூலுக்கு வருகிறேன். மெல்லிய வெள்ளை நூல், பின்னால் இருண்ட புடவை. அதற்கு மாஸ்கிங் ஃப்ளூயிட் வைத்தேன். ரப்பர் பால் மாதிரி ஒரு திரவம். பூசிக் காயவிட்டு மேலே வண்ணம் அடித்து, பிறகு உரித்தால் அடியில் தாள் வெள்ளையாக இருக்கும். அவசரத்தில் ஹேர் டிரையரைக் காட்டினேன். அதற்குச் சூடு ஆகாது, தாளோடு ஒட்டிப் பிடித்துக்கொள்ளும் என்று தெரிந்தும் காட்டினேன். உரிக்கும்போது படத்திலிருந்த சுட்டுவிரல் நுனியோடு சேர்ந்து தாளின் மேல்தோல் வந்துவிட்டது.

அம்மாவிடம் காட்டினேன். விரலில் இருந்த காயத்தை அவள் கவனிக்கவே இல்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்றாள். அந்த 'தான்' போதும் எனக்கு.

உண்மையில் தாள் கிழிவதற்கு முன்பே படம் போய்விட்டிருந்தது. கிழிந்ததால் ஒப்புக்கொள்வது சுலபமானது, அவ்வளவே. நூல் கம்பி மாதிரி இருந்தது. முதுகு வெட்டி ஒட்டியது மாதிரி இருந்தது. லியனார்டோ சொல்லிவைத்த பழைய உபாயம் ஒன்று உண்டு: படத்தை முகம் பார்க்கும் கண்ணாடியில் காட்டிப் பார், வேறொருவர் வரைந்ததுபோல் தெரியும், தப்பு சட்டென்று கண்ணில் படும். காட்டினேன். ஒரு தப்பும் இல்லை. அதுதான் பிரச்சினை என்று விளங்கியது. படத்தைச் சுவர்பக்கம் திருப்பி வைத்துவிட்டு மூன்று வாரம் அந்தப் பக்கமே போகவில்லை.

அந்த மூன்று வாரமும் மற்றவர்களின் வரைவுகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இங்கிலாந்தின் ஜான் கான்ஸ்டபிள் 1821இல் 'ஹே வெய்ன்' ஓவியத்தை முடிப்பதற்கு முன், ஏறக்குறைய அதே அளவில், ஆறடி அகலத்துக்கு ஒரு எண்ணெய் வண்ண ஸ்கெட்சே போட்டுவைத்தார். இரண்டும் லண்டனில்தான் இருக்கின்றன, முடித்தது நேஷனல் கேலரியில், ஸ்கெட்ச் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில். முடித்ததில் ஒவ்வொரு இலையும் இருக்கிறது. ஸ்கெட்சில் காற்று இருக்கிறது. எது உயர்ந்தது என்ற சண்டைக்கு நான் வரவில்லை. ஆனால் என் வீட்டுச் சுவருக்கு ஒன்றைத் தருகிறேன் என்றால் யோசிக்காமல் ஸ்கெட்சைத்தான் கேட்பேன்.

எல்லாருக்கும் இந்த விதி இல்லை என்பதற்குப் பிக்காசோவின் 'கெர்னிகா' ஓவியம் இருக்கிறது. 1937 ஏப்ரல் 26 அன்று ஸ்பெயினில் அந்தப் பெயர்கொண்ட ஊரின்மேல் குண்டு விழுந்தது. மே 1 அன்று பிக்காசோ முதல் ஸ்கெட்சுகளைப் போட்டார். காளையும் குதிரையும் ஜன்னலிலிருந்து விளக்கை நீட்டும் பெண்ணும் அன்றைக்கே வந்துவிட்டார்கள். ஜூன் தொடக்கத்தில் ஏழே முக்கால் மீட்டர் அகல ஓவியம் முடிந்துவிட்டது. நடுவில் நடந்ததையெல்லாம் புகைப்படக் கலைஞர் டோரா மார் கட்டம் கட்டமாகப் புகைப்படம் எடுத்து வைத்ததால் நமக்குத் தெரிகிறது. ஆரம்பத்தில் கீழே விழுந்து கிடக்கும் வீரனின் கை முஷ்டி மடக்கி மேலே எழுந்து நிற்கிறது. கொஞ்ச நாளில் அதன் பின்னால் சூரியன் மாதிரி ஒரு பெரிய பூ முளைக்கிறது. பிறகு கை, பூ இரண்டுமே காணாமல் போகின்றன. அந்தப் புகைப்படங்களை வரிசையாகப் பார்த்தபோதுதான் உறைத்தது: அவர் ஸ்கெட்சைக் கான்வாஸுக்கு நகலெடுக்கவில்லை. கான்வாஸிலேயே ஸ்கெட்ச் போட்டுக்கொண்டிருந்தார், கடைசி நாள்வரை. நான் என்ன செய்தேன்? உறையில் போட்டதோடு யோசிப்பதை நிறுத்திவிட்டு, மிச்ச நாளெல்லாம் அதைப் பத்திரமாகச் சுமந்துகொண்டு நடந்தேன்.

(மைக்கேலாஞ்சலோ 1564இல் சாவதற்கு முன் தன் வரைவுகளில் பலவற்றைத் தீயில் போட்டார் என்று அவர் வாழ்க்கையை எழுதிய வசாரி எழுதிவைத்திருக்கிறார். தான் பட்ட பாட்டை யாரும் பார்க்கக் கூடாது, நிறைவாக வந்ததை மட்டும் பார்த்தால் போதும் என்பதற்காகவாம். படிக்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.)

மேசைக்கு மேலே குத்தியிருந்த உறையை மறுபடி பார்த்தேன். மூன்று முதுகுக் கோடுகள். அம்மா ஒவ்வொரு முறை தவறவிட்டபோதும் கொஞ்சம் பின்னால் சாய்ந்து, திரும்பக் குனிந்திருக்கிறாள். நான் பிழை என்று நினைத்து விட்டுவிட்ட கோடுகள் அவள் அசைந்த அசைவுகள். இரண்டு கட்டைவிரல்கள், இரண்டு முயற்சிகள். முதல் ஓவியத்தில் அவளை ஒரே ஒரு நொடியில் ஆணியடித்து நிறுத்தியிருந்தேன்.

இரண்டாவது தாளில் நகலெடுக்கவில்லை. தீப்பெட்டிக் கட்டத்தை மட்டும் எதிரே வைத்துக்கொண்டேன். பென்சிலில் கைகளுக்கு மட்டும் நாலைந்து கோடுகள், அதுவும் மெலிதாக. பென்சில் கோட்டின்மேல் ஒருமுறை நீர்வண்ணம் ஓடிக் காய்ந்துவிட்டால் பிறகு ரப்பர் அவ்வளவாக வேலை செய்யாது, இருக்கிறது இருக்கட்டும் என்று விட்டேன். முதுகை ஈரத்தில் போட்டேன். தாளை நனைத்து, அகலப் பிரஷ்ஷால் ஒரு வீச்சு. அது அடங்குவதற்குள் பக்கத்தில் இன்னொரு வீச்சு. விளிம்பு எங்கே என்று தெரியாமல் இரண்டும் கரைந்துகொண்டன. காய்ந்ததும் நிறம் வெளுக்கும் என்பதால், பார்க்கவே பயமாக இருக்கும் அளவுக்கு அடர்த்தியாக வைத்தேன். கை தோளிலிருந்து ஓடியது, நாற்காலியில் உட்காரவே இல்லை.

நீர்வண்ணத்தில் பாதி வேலை சும்மா இருப்பது. தாளின் மினுமினுப்பு போகிறதா என்று விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பது. மினுமினுக்கும்போது பிரஷ் வைத்தால் கரையும், மினுமினுப்பு போனபின் வைத்தால் விளிம்பு நிற்கும். நடுவே ஒரு கெட்ட நேரம் இருக்கிறது, பாதி காய்ந்த நேரம். அந்த நேரத்தில்தான் என் பிரஷ்ஷிலிருந்து ஒரு சொட்டு தோள்மேல் விழுந்தது. தண்ணீர் நிறத்தைத் தள்ளிக்கொண்டு போய், ஓரமெல்லாம் ரம்பப் பல்லாக ஒரு பூ விரித்தது. முதல் ஓவியமாக இருந்தால் பஞ்சை எடுத்து ஒற்றி, தேய்த்து, அழுதிருப்பேன். இதில் விட்டுவிட்டேன். ஜன்னல் வெளிச்சம் தோளில் விழுந்த மாதிரி இருக்கிறது என்று பிறகு ஒருவர் பாராட்டினார். ஆமாம் என்று தலையாட்டினேன்.

கைகளுக்கு மட்டும் ஒன்பது நாள் ஆனது. மெல்லிய பூச்சு, காயவிடுவது, அடுத்த பூச்சு. கணுச் சுருக்கங்கள், நகத்தின் அடியில் ஒரு நூலளவு நிழல், முறுக்கிப் பிடித்த விரல் நுனியில் ரத்தம் ஒதுங்கி வெளுத்த இடம். இங்கே மட்டும் எல்லாமே கூர்மை. கைகளிலிருந்து விலக விலகப் படம் மங்கிக்கொண்டே போகிறது. கட்டைவிரலின் இரண்டாவது கோட்டை வெளிறிய சாம்பலில் பக்கத்திலேயே விட்டுவைத்தேன். உற்றுப் பார்த்தால்தான் தெரியும்.

ஊசி ஒரே ஒரு தொடல், பிரஷ் நுனியால். நூலை வரையவில்லை. இரண்டு கைகளுக்கும் நடுவே அந்த நகத்தளவு இடத்தில் தண்ணீர்கூடப் படவிடவில்லை. வெறும் தாள்.

எங்கே நிறுத்துவது என்பதற்கு இத்தனை வருடத்தில் எனக்கு ஒரு வழியும் அகப்படவில்லை. இந்த முறை காது பாதியில் நின்றது. ஒரு அடர்ந்த பூச்சு வைத்தால் காது முடிந்துவிடும். முடித்தால் கண் காதுக்குப் போகும், கையை விட்டுவிடும். பிரஷ்ஷை எடுத்தேன், வைத்தேன், மறுபடி எடுத்தேன். பிறகு பிரஷ்ஷையெல்லாம் கழுவிக் கவிழ்த்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே நடந்துவிட்டேன். திரும்பி வந்தபோது தாள் முழுசாகக் காய்ந்திருந்தது. காது இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

இரண்டு நாள் கழித்து அம்மாவிடம் கொடுத்தேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, படத்தை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கேட்டாள்:

"இதுல நான் கோத்துட்டேனா, இன்னும் இல்லையா?"

"தெரியலம்மா."

"வரைஞ்ச உனக்கே தெரியலையா?" என்றபடி கண்ணாடியை இறக்கிக்கொண்டாள்.